வெற்றுச் செருகுவாய்களை முதலில் நிரப்புவோம்

பள்ளியின் பழைய கீபோர்டைத் தள்ளிவிட்டுப் புதியதொன்று வாங்க வேண்டும் என்னும் பேச்சு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்துள்ளது. உணவுச் சந்தையில் திரட்டிய பணம் கையில் இருக்கிறது. ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழா நெருங்குகிறது. கடையிலிருந்து வண்ணத் துண்டறிக்கையும் மேசைக்கு வந்துவிட்டது. இவை மூன்றும் ஒன்றுகூடினால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் கிடைத்த சில மணித்துளிகளில் என் மறுப்பை முழுமையாக விளக்க இயலவில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். இசைப்பொறுப்பை ஏற்றிருக்கும் பிற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கோயில் பஜனைக் குழுவினருக்கும் இது பயன்படக்கூடும்.

என் கருத்து இதுதான். எங்களிடம் இருப்பது ரோலண்ட் நிறுவனத்தின் எக்ஸ்பி-80 என்னும் சிந்தசைசர். அதன் வயிற்றுக்குள் நான்கு செருகுவாய்கள் உள்ளன. நான்கும் வெறுமையாகவே கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் தக்கதோர் ஒலி அட்டையைப் பொருத்திப் பார்க்காமல், அந்தக் கருவி காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பளிப்பது முறையன்று. பாதி வீடு பூட்டிக் கிடக்கையில் இடம் போதவில்லை என்று புது வீடு தேடுவதற்கு ஒப்பானது அது.

செருகுவாய், ஒலி அட்டை என்றெல்லாம் சொல்வது சிலருக்குப் புதிதாக இருக்கலாம். சற்று விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

இவ்வகைக் கருவிகள் உண்மையான பியானோ, வயலின், குழல், முரசு போன்றவற்றின் ஒலித்துணுக்குகளைப் பதிவு செய்து, அழியாத நினைவகச் சில்லுகளில் அடக்கி வைத்திருக்கின்றன. நாம் ஒரு கட்டையை அழுத்தும்போது அத்துணுக்கு உரிய சுரத்திற்கு ஏற்றப்பட்டோ இறக்கப்பட்டோ ஒலிக்கிறது. அதன்மேல் வடிகட்டி, ஏற்ற இறக்கம், எதிரொலி முதலியவை சேர்கின்றன. ஆகவே கருவியின் வளம் அந்த ஒலிக்கிடங்கின் அளவைப் பெரிதும் பொறுத்தது. 1990களில் நினைவகச் சில்லுகளின் விலை மிக அதிகம். எல்லா ஒலிகளையும் ஒரே கருவியில் அடைத்தால் அதை வாங்குவாரில்லை. எனவே அடிப்படை ஒலிகளை மட்டும் கருவியில் வைத்து, மற்றவற்றைத் தனித்தனி அட்டைகளாக விற்கும் வழியை உற்பத்தியாளர்கள் கண்டனர். தேவாலயத்தில் வாசிப்பவர் ஓர் அட்டை வாங்குவார். நடன விடுதியில் வாசிப்பவர் வேறோர் அட்டை வாங்குவார். கருவி ஒன்றுதான்.

ரோலண்ட் நிறுவனம் இவ்வட்டைகளுக்கு எஸ்ஆர்-ஜேவி80 என்று பெயரிட்டது. இவற்றை ஏற்கும் முதல் கீபோர்டான ஜேவி-80 வெளிவந்தது 1992இல். நம் மக்களுக்கு நினைவில் நிற்கும்படி சொல்வதானால், 'ரோஜா' படம் வந்த அதே ஆண்டு. அதில் ஒரே ஒரு செருகுவாய்தான். 1994இல் வந்த ஜேவி-1080 என்னும் கட்டைகளில்லாப் பெட்டியில் நான்கு. 1997இல் வந்த ஜேவி-2080இல் எட்டு. எங்கள் பள்ளியில் இருக்கும் எக்ஸ்பி-80 இடையில், 1996இல் வந்தது. 76 கட்டைகள், ஒரே வேளையில் 64 குரல்கள், நான்கு செருகுவாய்கள். அட்டைகள் 1 முதல் 19 வரை எண்ணிடப்பட்டு வெளிவந்தன. பாப், ஆர்க்கெஸ்ட்ரா, பியானோ, பழஞ்சிந்தசைசர், உலக இசை, மனிதக்குரல், ஆசியா, இலத்தீன் அமெரிக்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

இனிக் கணக்கிற்கு வருவோம். எக்ஸ்பி-80இன் சொந்த ஒலிக்கிடங்கு 8 மெகாபைட். ஒவ்வோர் அட்டையும் அதே 8 மெகாபைட். அஃதாவது ஓர் அட்டையைச் செருகினால் கிடங்கு இருமடங்காகிறது. நான்கையும் நிரப்பினால் ஐந்து மடங்கு. இன்று கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களே 8 மெகாபைட்டை நிரப்பிவிடும் என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்தச் சிறிய இடத்திற்குள் எந்த ஒலியை வைப்பது, எதை விடுவது, ஒரு வில்லிசைக் குழுவின் நீண்ட சுரத்தை எந்த இடத்தில் வெட்டிச் சுழலவிட்டால் காது ஏமாறும் என்றெல்லாம் உட்கார்ந்து எண்ணிச் செய்திருக்கிறார்கள். நெருக்கடியில் செய்த வேலையில் தெரியும் கவனம் அந்த ஒலிகளில் தெரிகிறது. இன்றும் இவ்வட்டைகளைத் தேடி வாங்குவோர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் அட்டை எதைச் செய்யாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அட்டை புதிய ஒலிகளைத் தரும். கருவியின் மூளையை மாற்றாது. ஒரே வேளையில் 64 குரல் என்னும் வரம்பு அப்படியேதான் இருக்கும். ஓர் ஒலியமைப்பில் நான்கு அடுக்குகள் வரை வைக்கலாம். நான்கையும் பயன்படுத்தினால் 64ஐ நான்கால் வகுத்து 16 சுரங்களே மிஞ்சும். மிதியை அழுத்திக்கொண்டே வாசிக்கும் பிள்ளைக்குப் பதினேழாவது சுரத்தில் முதல் சுரம் அறுந்து போகும். பலர் அட்டை வாங்கிப் பொருத்திவிட்டுக் "கருவி தடுமாறுகிறது" என்று குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். எல்லா நிறுவனங்களின் வழியும் இதுவன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். யமாஹா 2001இல் வெளியிட்ட மோட்டிஃப் வரிசையில் மூன்று செருகுவாய்கள் இருந்தன. அவற்றில் செருகும் பிஎல்ஜி அட்டைகள் பலவும் தமக்கென்று தனிக் குரல்களைக் கொண்ட முழுச் சிந்தசைசர்களாகவே இருந்தன. பழைய கருவி வைத்திருப்போர் தம்முடையது எவ்வகை என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன். புதிய கீபோர்டு வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் மனத்தில் இருப்பது, ஒலிபெருக்கி உடனிணைந்த, தாளம் தானே வாசிக்கும் வகை. இடக்கையின் ஒரு விரலை வைத்தால் மத்தளம், கிட்டார், வில்லிசை எல்லாம் தாமே கிளம்பும். மேடையில் பார்க்க நன்றாக இருக்கும். எங்கள் எக்ஸ்பி-80இல் ஒலிபெருக்கி இல்லை. நன்கொடையாக வந்த நாளில் மின்னிணைப்பைக் கொடுத்துக் கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போன பொருளைத் தந்திருக்கிறார்" என்று சொன்னவரும் உண்டு. ஒலிபெருக்கியோடு இணைத்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

முதல் மூன்றாண்டு மாணவர்களுக்குத் தானே தாளமிடும் கீபோர்டு பொருத்தமானதே. அதை நான் மறுக்கவில்லை. என் கவலை ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பற்றியது. வாரத்தில் ஒரு மாலை புறப்பாட நேரத்தில் ஏழெட்டுப் பேர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுள் இருவர் மூவருக்கு வாசிப்பதைவிட ஒலியைப் பிரித்துப் பார்ப்பதில்தான் ஆர்வம். ஒரு குழலோசையை எடுத்து, அதன் தொடக்கத்தில் வரும் காற்றோசையை மட்டும் ஓர் அடுக்கில் வைத்து, அதன்கீழ் வில்லிசையை மெதுவாக எழவிட்டு, "சார், இப்போது இது குழலா வயலினா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அந்தக் கேள்வி எழக்கூடிய இடம் சிந்தசைசர்தான். தானே தாளமிடும் கருவியில் அவள் ஓர் எண்ணை அழுத்துவாள், குழல் வரும், வேறோர் எண்ணை அழுத்துவாள், வயலின் வரும். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்க அங்கே வழி குறைவு. அவளுக்கு நான் தர விரும்புவது பிரித்துப் பார்க்கக் கூடுதல் மூலப்பொருள். அதை ஓர் அட்டை தந்துவிடும்.

எந்த அட்டை? இங்கேதான் எனக்கும் சக ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு. பியானோ அட்டை என்கிறார் ஒருவர். ஆர்க்கெஸ்ட்ரா என்கிறார் இன்னொருவர். நான் 14ஆம் எண்ணுள்ள ஆசியா அட்டையைச் சொல்கிறேன். காரணம் உண்டு.

1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்னும் பொதுத்தரம் 128 ஒலிகளுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தியது. எந்த நிறுவனத்தின் கருவியில் வாசித்தாலும் 1ஆம் எண் பியானோவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். அந்த 128இல் இந்தியக் கருவிகள் எத்தனை என்று பாருங்கள். 105ஆம் எண்ணில் சிதார். 112ஆம் எண்ணில் செனாய். அவ்வளவே. வீணை இல்லை, நாதசுவரம் இல்லை, மிருதங்கம் இல்லை. நம் பள்ளி விழாக்களில் திருமணக் காட்சி வரும்போதெல்லாம் கீபோர்டிலிருந்து ஒரு மூக்கடைத்த நாதசுவரம் கிளம்புகிறதே, அது பெரும்பாலும் 112ஆம் எண் செனாய்தான். கேட்டுக் கேட்டு நம் பிள்ளைகளுக்கு நாதசுவரமே அப்படித்தான் ஒலிக்கும் போலும் என்ற எண்ணம் வந்துவிட்டது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஆசியா அட்டை இக்குறையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் சிதார், தபலா போன்ற வடபுலக் கருவிகளே முன்னிற்கின்றன. சாவகத்துக் காமெலான் வகை மணியோசைகளும் சீன, சப்பானியக் கருவிகளும் இருக்கின்றன. கருநாடக இசைக்கென்று செய்யப்பட்டதன்று அது. எனினும் மூன்று நன்மைகளை எதிர்பார்க்கிறேன். தம்புராவைப் போன்ற நிலையான சுருதியொலியைப் பிள்ளைகள் தாமே அடுக்கிச் செய்துகொள்ள நல்ல தந்தியொலிகள் கிடைக்கும். காமெலான் ஒலி இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அண்டைவீட்டு ஒலி; பக்கத்துத் தேசியப்பள்ளி விழாவில் கேட்டதைத் தம் கையால் வாசித்துப் பார்ப்பார்கள். மூன்றாவது, ஒரு சிதாரின் பதிவைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளை, வீணையின் பதிவு ஏன் இல்லை என்று கேட்கும். அந்தக் கேள்வியை நான் விரும்புகிறேன்.

கமகம் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் கமகம் வராது என்பது பாதி உண்மை. இடப்புறமுள்ள வளைகோலால் சுரத்தை மேலும் கீழும் இழுக்கலாம்; ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அமைப்பும் உண்டு. பன்னிரண்டு சுரத்தானங்களையும் தனித்தனியே சற்று ஏற்றி இறக்கும் வசதியும் இக்கருவியின் அமைப்புப் பகுதியில் இருக்கிறது. பலரும் அதைத் திறந்து பார்ப்பதேயில்லை. அட்டை வாங்குமுன் இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், இவற்றுக்குச் செலவில்லை. இவ்வளவு செய்த பின்னும் தோடி தோடியாக வராது. நாதசுவரம் கேட்க வேண்டுமானால் ஊர்க் கோயில் வித்துவானைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகள் முன் வாசிக்கச் சொல்வதுதான் சரி. ஒரு வேட்டியும் பழத்தட்டும் வைத்து அழைத்தால் மகிழ்ந்து வருவார்கள். எங்கள் ஊரில் வந்திருக்கிறார்கள்.

இனி, செயல்முறை. அட்டை பொருத்துவது அறுவை மருத்துவம் போன்றதன்று. திருப்புளி பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனாலும் சில ஒழுங்குகள் உண்டு.

முதலில், பொருத்தும் அளவுக்குக் கருவி நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கட்டைகளும் மென்மையாகவும் வன்மையாகவும் அழுத்தும்போது வேறுபாட்டோடு ஒலிக்கின்றனவா? இரண்டு வெளியீடுகளிலும் ஒலி வருகிறதா? திரை படிக்க முடிகிறதா? அக்காலத்துக் கருவிகள் சிலவற்றில் கட்டைகளின் அடியில் எடைத்துண்டை ஒட்டப் பயன்படுத்திய சிவந்த பசை, வெப்பத்தில் இளகி உள்ளே ஒழுகிக் கட்டைகளை ஒட்டச் செய்யும். நம் நாட்டுத் தட்பவெப்பத்திற்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. கட்டைகளின் அடிப்பக்கத்தை ஒரு கைவிளக்கால் பாருங்கள். எங்கள் கருவியில் அது இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கட்டைகள் பாதி செத்துப்போன கருவிக்கு அட்டை வாங்குவது வீண்செலவு. அப்படியானால் புதிதே வாங்குங்கள்.

அடுத்தது மின்கலம். உள்ளே சிஆர்2032 என்னும் நாணய வடிவ மின்கலம் இருக்கிறது. கருவி அணைந்திருக்கும்போது நாம் செய்து சேமித்த ஒலியமைப்புகளைக் காப்பது அதுவே. அது தீர்ந்தால் பயனரின் நினைவகம் அழியும். எனவே மூடியைத் திறக்குமுன் எல்லாவற்றையும் நெகிழ்வட்டில் சேமித்துக்கொள்ள வேண்டும். நெகிழ்வட்டு இன்று எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அந்த இயக்கியின் இடத்தில் பொருத்தி, விரலி நினைவகத்தை நெகிழ்வட்டாகக் காட்டும் சிறு பெட்டிகள் மலிவாகவே கிடைக்கின்றன. இல்லாவிடில் மிடி வடம் வழியே கணினிக்கு அனுப்பலாம். 1983இல் வகுக்கப்பட்ட அந்த இணைப்புமுறை இன்றைய மடிக்கணினியோடும் பேசுகிறது. ஒலி அட்டையிலுள்ள ஒலிகளுக்கு இந்த அச்சமில்லை. அவை அழியாச் சில்லில் இருப்பவை. மின்கலம் தீர்ந்தாலும் இருக்கும்.

பிறகு மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கருவியை மெத்தை போன்ற ஒன்றின் மேல் கவிழ்த்து வைத்து, அடிப்புறத்து மூடியைத் திறக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையில் உடலில் நிலைமின்சாரம் தேங்கும். அட்டையைத் தொடுமுன் நிலத்தோடு இணைந்த ஓர் உலோகத்தைத் தொடுங்கள். அட்டையின் இணைப்பி செருகுவாயில் சரியாக அமர்கையில் நெகிழித் தாங்கிகள் அதன் துளைகள் வழியே மேலே வரும். அவற்றை அட்டையோடு வரும் சிறு திறவுகோலால் திருப்பிப் பூட்ட வேண்டும். பழைய அட்டைகளோடு அந்தத் திறவுகோல் பெரும்பாலும் வருவதில்லை. நுனிமூக்குக் குறடால் மெல்லத் திருப்பலாம். சுற்றுப்பலகையின் மின்தடங்களை விரலால் தொடாதீர்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். மூடி, திருப்பி, மின்னூட்டினால் ஒலித்தொகுதிகளின் பட்டியலில் எக்ஸ்பி-ஏ என்னும் புதிய தொகுதி தென்படும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது இயல்பு.

ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். திருகாணி கழற்றும் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். புதிய கீபோர்டு வாங்கினால் பெட்டியைத் திறப்பது மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும் காட்சி.

வாங்குவோர் ஏமாறக்கூடிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அட்டைக் குடும்பம். 2000இல் தொடங்கிய எக்ஸ்வி வரிசையோடு எஸ்ஆர்எக்ஸ் என்னும் புதிய அட்டைகள் வந்தன. அவை எக்ஸ்பி-80இல் பொருந்தா. எக்ஸ்வி-5080, எக்ஸ்வி-3080 போன்ற சில பெட்டிகள் இரு வகையையும் ஏற்றன. அதற்குப் பின் வந்த ஃபான்டம் வரிசை எஸ்ஆர்எக்ஸை மட்டுமே ஏற்றது. "ரோலண்ட் அட்டை" என்று மட்டும் கேட்டு வாங்கினால் தவறானது வந்துசேரும். இரண்டு, மின்னழுத்தம். சப்பானிலிருந்து பழைய கருவிகளையே தருவிப்போர் உண்டு. அந்நாட்டு உள்ளூர்க் கருவிகள் 100 வோல்ட்டுக்கு அமைந்தவை. நம் சுவர்ச் செருகியில் நேரே இணைத்தால் புகைதான் மிஞ்சும். அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த நாட்டில் வாங்கிய அட்டையும் எந்த நாட்டுக் கருவியிலும் வேலை செய்யும். ஆகவே அட்டையை வெளிநாட்டிலிருந்து வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

விலை? புதிய அட்டைகள் உற்பத்தியில் இல்லை. கைமாறிய அட்டைகளே கிடைக்கும். எல்லோரும் தேடும் அட்டைக்கு ஒரு விலை, தேடாததற்கு வேறொரு விலை. விற்பவரின் மனப்போக்கும் அதில் சேரும். ஆனாலும் நான் பார்த்த வரையில் எந்த அட்டையும் துண்டறிக்கையில் கண்ட புதிய கீபோர்டின் விலையை நெருங்கவில்லை. மிஞ்சும் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி ஒன்றும் உறுதியான தாங்கியும் வாங்கலாம். உண்மையில் எங்கள் பள்ளி மேடையின் குறை கீபோர்டில் இல்லை. கரகரக்கும் அந்த ஒலிபெருக்கியில்தான் இருக்கிறது. புதுக் கீபோர்டைக் கொண்டுவந்து அதே ஒலிபெருக்கியில் இணைத்தால் அதே கரகரப்புத்தான் கேட்கும்.

"மென்பொருளாக வாங்கினால் என்ன?" என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதே நிறுவனம் இப்போது ஜேவி-1080ஐ மென்பொருளாகவே தருகிறது. மடிக்கணினியில் நிறுவி, எக்ஸ்பி-80ஐ வெறும் கட்டைப்பலகையாக இணைத்து வாசிக்கலாம். இன்றைய புதிய கருவிகளுக்கும் கூடுதல் ஒலிகள் இணையவழிப் பதிவிறக்கமாகவே வருகின்றன. வீட்டில் தனியே இசையமைப்பவருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். பள்ளிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். உரிமம் ஒருவரின் கணக்கோடு கட்டப்பட்டது. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். விழா நாளில் மடிக்கணினி இற்றைப்படுத்திக்கொள்ளத் தொடங்கினால் பிள்ளைகள் மேடையில் கைகட்டி நிற்க வேண்டும். அட்டையோ கருவியின் வயிற்றில் கிடக்கும். தலைமையாசிரியர் மாறினாலும் சங்கத் தலைவர் மாறினாலும் அங்கேயே கிடக்கும். நாளை இந்தக் கருவி முற்றாகப் பழுதானால்கூட அட்டையைக் கழற்றி, ஜேவி-1080ஓ எக்ஸ்பி-60ஓ வைத்திருக்கும் வேறொரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாம். பெற்றோர் உணவுச் சந்தையில் நின்று வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணம் ஒரு கணக்கின் கடவுச்சொல்லோடு மறைந்துவிடாமல் கைக்குக் கை மாறும் பொருளாக இருக்கட்டும் என்பது என் வாதம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். நான்கு செருகுவாய் இருக்கிறதே என்று நான்கையும் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. முதலில் ஒன்று. ஓராண்டு அதோடு பழகட்டும். அதிலுள்ள ஒலிகளைக்கொண்டு பிள்ளைகள் தாமே செய்த ஒலியமைப்புகள் இருபதாவது தேறிய பின் அடுத்ததைப் பேசலாம். அட்டை சார்ந்த ஒலியமைப்பைச் செய்துவிட்டு அட்டையைக் கழற்றினால் அந்த அடுக்கு ஊமையாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். எனவே வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செருகி விளையாடும் பொருளும் அன்று இது. இணைப்பியும் அதற்குத் தாங்காது.

சங்கத்திடம் நான் கேட்டிருப்பது இதுவே: ஓர் அட்டை, ஒரு மின்கலம், ஓர் ஒலிபெருக்கி. அடுத்த ஆண்டு இதே நேரத்தில் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். அப்போதும் புதியதுதான் வேண்டும் என்று பெற்றோர் சொன்னால், வாங்கும் குழுவில் நானே நிற்கிறேன்.

முன்பு இசைக்குழுக்களில் வாசித்த அன்பர்கள் இந்நாட்டில் பலர் உண்டு. கருவியை விற்றுவிட்டு அட்டையை மட்டும் அலமாரியில் போட்டு வைத்திருப்போரும் அவர்களுள் இருக்கக்கூடும். ஏறக்குறைய உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை, மேலே எஸ்ஆர்-ஜேவி80 என்னும் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். அந்த எண் 14ஆக இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். நியாயமான விலைக்குச் சங்கமே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன். 2 அல்லது 5ஆக இருந்தாலும் சொல்லுங்கள், பேசிக்கொள்வோம்.